சட்டைப்பை வெல்லம்

வரதனுக்கு ஐம்பத்தொன்றாவது வயதில்தான் முதன்முதலாகக் குளிரடித்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று அவன் மில்லில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மார்கழி பிறந்து இரண்டாம் நாள். காலை ஏழு மணிக்கு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தான் வேலை பார்க்கும் ரோலிங் மில்லின் வாசலில், லாரிகளை எடை போடும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தான். வெளியே ஒரே பனி. சாலை எங்கே முடிகிறது, மில் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. முதுகில் ஏதோ ஊர்ந்தது. பற்கள் அவனைக் கேட்காமலேயே மோதிக்கொண்டன. ஜுரம் வந்துவிட்டது என்று நினைத்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். தன் கைக்குச் சூடு தெரியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

சீட்டு வாங்க வந்த லாரி டிரைவர் மப்ளருக்குள்ளிருந்து, "இன்னா குளுரு பாத்தியாண்ணா" என்றான்.

"ஓ" என்றான் வரதன். "இதானா அது?"

டிரைவர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு வண்டி ஏறினான்.

வரதனைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்து மூன்று வருஷம் உலைக்கு முன்னால் நின்ற ஆள். அதற்கு முன்னால் அடித்த குளிர் எல்லாம் அந்தச் சூட்டில் மறந்தே போயிருந்தது. உலை என்பது எழுத்தில். மில்லில் அதற்குப் பெயர் பர்னஸ். உள்ளே போன இரும்புக் கட்டை வெளியே வரும்போது செம்பருத்தி நிறத்தில் இருக்கிறதா, பறங்கிப்பழ நிறத்துக்கு வந்துவிட்டதா, எலுமிச்சை நிறத்தைத் தொட்டுவிட்டதா என்று பார்த்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவான். மீட்டர் பொய் சொன்னாலும் சொல்லும், வரதன் கண் சொல்லாது என்று சூப்பர்வைசர் அருணாச்சலமே பத்துப் பேர் நடுவில் சொல்லியிருக்கிறார். இந்த வித்தை சும்மா வரவில்லை. தோல் கையுறை வாரத்துக்கு ஒன்று கிழிந்தது. உள்ளே இருந்த கையும் கொஞ்சம் கொஞ்சமாக இன்னொரு கையுறையாகவே ஆகிவிட்டது. கொதிக்கிற டம்ளரை வெறும் கையில் பிடித்துக்கொண்டு அவன் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பான்.

ஊரில் மழை வந்தது, பனி வந்தது, வெயில் வந்தது. வரதனுக்கு மட்டும் வருஷம் முழுக்கச் சித்திரை மாசம். மார்கழியில் காலனியே போர்வைக்குள் சுருண்டு கிடக்க, அவன் பனியனோடு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுப்பான். வீட்டில் அவன் தட்டில் விழுந்தது பழைய சோறும் வெங்காயமும். டம்ளரில் வந்தது நீர்மோர். பர்னஸில் வேகிற மனுஷனுக்கு வீட்டிலும் சூடாகக் கொடுப்பார்களா என்று அவன் மனைவி ரோசம்மாள் கேட்பாள். நியாயமான கேள்விதான்.

போன ஐப்பசியில் மில் அந்தப் பழைய பர்னஸைப் பிரித்துப் போட்டது. புதிதாக வந்ததற்கு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டாம்; கேமராவில் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினால் போதும். வரதன் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சம்பளம் குறைக்காமல் எடைக் கூண்டில் உட்கார வைத்தார்கள். உடம்புக்குள் இருபத்து மூன்று வருஷச் சூடு மிச்சம் இருந்திருக்கும் போல. அது ஆறி முடிய இரண்டு மாசம் பிடித்தது.

அன்றைக்கு வேலை முடிந்ததும் அவன் வழக்கமாக நிற்கும் இடத்தில் எல்லாம் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்தான். மணி ஐந்துகூட ஆகவில்லை. வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் அதற்குள் எரிந்துகொண்டிருந்தது. அடுப்படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். ரோசம்மாளும் மகள் ஹெலனும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டு நிறைய வேகவைத்த சக்கரவள்ளிக் கிழங்கு. இரண்டு டம்ளர்களிலிருந்து ஆவி எழும்பி, இரண்டு பேர் முகத்தையும் தொட்டு, ஜன்னல் கண்ணாடியில் போய்ப் படிந்திருந்தது. கிழங்கின் தோலை உரிக்கிறபோது ஹெலன் விரல்களை ஊதிக்கொண்டாள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு பேரும் யாரோ சொந்தக்காரர்கள் போல, ஆனால் தனக்குப் பழக்கமில்லாதவர்கள் போல வரதனுக்குத் தெரிந்தார்கள்.

ஹெலன்தான் முதலில் பார்த்தாள். திருடன் அகப்பட்டுக்கொண்டதுபோல விழித்தாள். "நைனா! இன்னா இவ்ளோ சீக்கிரமா வந்துட்ட?"

ரோசம்மாள் தட்டை மூடிக்கொண்டே எழுந்தாள். "இரு, மோரு எடுத்தாறேன்."

"மோரு வாணாம்."

"பின்ன?"

"நீங்க குடிக்கிறீங்களே, அது."

"இது சுக்கு காப்பி. சுடும்யா" என்றாள் ரோசம்மாள். 'சுடும்' என்ற சொல்லை அவள் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் ஒரு பழைய கதை உண்டு. அதற்கு வருகிறேன்.

"குளுருதுமே" என்றான் வரதன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

ரோசம்மாள் ஹெலனைப் பார்த்தாள். ஹெலன் ரோசம்மாளைப் பார்த்தாள். பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்து, ரோசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது டம்ளரை எடுத்தாள்.

டம்ளர் கைக்கு வந்தது. கை ஒன்றும் சொல்லவில்லை. சூடே இல்லை போலிருக்கிறது என்று ஒரு வாய் வைத்தான். நெருப்பு! நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் அலறின. இத்தனை வருஷம் மோரையும் பழையதையும் மட்டுமே கண்ட வாய்க்கு வெதுவெதுப்பே எரிமலைதான். கையை நம்புவதா, வாயை நம்புவதா என்று தெரியாமல் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முழுக்க ஆறிய பிறகு, பச்சைத் தண்ணீராகக் குடித்தான்.

"இதுக்கு மோரே குடிச்சிருக்கலாம் நைனா" என்றாள் ஹெலன்.

ஆனாலும் உள்ளே போனது அவனுக்குப் பிடித்திருந்தது. சுக்கின் காரம் நெஞ்சில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது.

இப்படித்தான் வரதன் தன் வீட்டுக்குள்ளேயே இத்தனை காலம் நடந்துகொண்டிருந்த ஒரு பருவத்துக்குள் கால் வைத்தான். அவனுக்குத் தெரியாமல் அங்கே ஒரு குளிர்காலம் வருஷா வருஷம் வந்து போயிருக்கிறது. அதற்கென்று பலகாரம், அதற்கென்று வாசனை, அதற்கென்று சிரிப்பு எல்லாம் இருந்திருக்கிறது. ஒரு நாள் பனங்கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, நாரை உரித்து, இடுக்கில் தூவிய மிளகுத்தூளோடு கடித்துத் தின்பது. ஒரு நாள் கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் பிசைந்து தட்டிப் போட்ட அடை. ஓரம் மொறுமொறுவென்று, நடு மெத்தென்று, மேலே ஒரு சொட்டு நெய். மழை தூறின ஒரு சாயங்காலம் மிளகு ரசம், சோறு இல்லாமல், டம்ளரில் ஊற்றிக் குடிக்கத்தான். உப்பு போட்டு அவித்த வேர்க்கடலை ஒரு குண்டான் நிறைய. மூன்று பேரும் உரித்துப் போட்ட தோல் நடுவில் குவிந்துகொண்டே போகும். எதுவும் பெரிய சமையல் இல்லை. கால் மணி நேரத்துக்கு மேல் எதற்கும் ஆகாது. ஆனால் அந்தக் கால் மணி நேரம் நீண்டு நீண்டு போய், வெளியே தெருவிளக்கு எரிந்து, லாரிகளின் சத்தம் பனிக்குள் அமுங்கி, எந்த வருஷம், எந்த ஊர் என்பதுகூட மறந்துபோகும். அவன் எல்லாவற்றையும் ஆறவைத்தே தின்றான். இருந்தாலும் சூடான பண்டங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே ஒரு சுகம் என்று கண்டுகொண்டான்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கொழுக்கட்டைக்கு வெல்லம் எடுக்க ரோசம்மாள் பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தாள். உள்ளே எலுமிச்சை அளவு கட்டிகள். ஒன்றில் நீல நூல் ஒட்டியிருந்தது. இந்தக் கட்டிகளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று வரதன் யோசித்தான்.

"நெஜமாவே தெர்லியா ஒனக்கு?" என்றாள் ரோசம்மாள்.

பர்னஸில் நிற்கிறவர்களுக்கு மில்லில் தினம் ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். தொண்டையில் இறங்குகிற தூசிக்கும் புகைக்கும் அது மருந்து என்பது மில்லின் வழக்கம். அந்தக் கொதிப்பில் நின்றுகொண்டு இனிப்பை வாயில் போட வரதனுக்குக் குமட்டும். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். வீட்டுக்கு வந்து சட்டையை ஆணியில் மாட்டுவான். மறுநாள் பை காலியாக இருக்கும். எறும்பு தின்றிருக்கும் என்றுகூட அவன் நினைத்ததில்லை. நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

"இந்த ஊட்ல எப்பயா வெல்லம் வாங்கியிருக்கோம்?" என்றாள் ரோசம்மாள். "இந்தப் பொண்ணு துன்ன கொழுக்கட்டை, பொரி உருண்டை, குடிச்ச காப்பி, அத்தினியும் உன் பாக்கெட்டு வெல்லந்தான். துவைக்கச்சொல்ல எடுத்து எடுத்து வெப்பேன்."

"அதான் காப்பில பீடி வாசன வரும்" என்றாள் ஹெலன்.

வரதன் சிரிக்க வேண்டிய இடம் அது. அவனால் முடியவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. தன்னை அழைக்காத ஒரு விருந்து தன் வீட்டில் நடந்திருக்கிறது என்று நான்கு நாளாக உள்ளுக்குள் ஒரு சின்ன மனக்குறை இருந்தது. இப்போது பார்த்தால் அந்த விருந்துக்கு இனிப்பு முழுக்க அவனுடையது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

"இன்னும் எத்தினி கீது?" என்று கேட்டான்.

"ஏழோ எட்டோ."

எடைக் கூண்டில் உட்காருகிறவனுக்கு மில் வெல்லம் தராது. டின் நிறைய இனி வழியில்லை. பொங்கல் கழிந்த புதன்கிழமை ஹெலனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரகுவுக்கு ஓசூரில் வேலை. அங்கே குளிர் இங்கே அடிப்பதைவிட மூன்று மடங்கு என்று சொல்கிறார்கள். அந்த டின்னும் அவள் இருக்கிற நாட்களும் ஒன்றாகத்தான் தீரும் என்று வரதனுக்குத் தோன்றியது.

கொழுக்கட்டை வெந்தது. ரோசம்மாள் ஆவியோடு தட்டில் கொட்டி வரதன் பக்கம் தள்ளினாள். ஹெலன் கையை நீட்டினாள். "நைனா, அதுல ஒண்ணு எடுத்துக் குடு."

வரதன் அசையவில்லை. தட்டை அப்படியே மனைவியிடம் திருப்பித் தள்ளினான். "நீ எடுத்துக் குடுமே."

ரோசம்மாள் எடுத்துக் கொடுத்தாள். ஹெலன் ஒரு நொடி அப்பனைப் பார்த்தாள். பிறகு கொழுக்கட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

இப்போது அந்தப் பழைய கதை. ஹெலனின் இடது மணிக்கட்டுக்கு மேலே, வளையல் நிற்கிற இடத்தில், ஒரு புளியிலை நீளத்துக்குத் தோல் சுருங்கி, கொஞ்சம் பளபளப்பாக இருக்கும். அவளுக்கு இரண்டரை வயதில் வந்தது. கஞ்சிப் பானை சாய்ந்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள்; ஆஸ்பத்திரி நர்ஸுக்குச் சொன்னார்கள்; பிறகு ஹெலனுக்கும் அதையே சொன்னார்கள். உண்மையில் கஞ்சிப் பானை எதுவும் சாயவில்லை. இரவு வேலை முடிந்து காலையில் வந்த வரதன், குழந்தை பாலுக்கு அழுதது என்று, அடுப்பிலிருந்த பாலை டம்ளரில் ஊற்றினான். ரோசம்மாள் குழாயடிக்குப் போயிருந்தாள். அவன் கவனமில்லாதவன் இல்லை. டம்ளரை உள்ளங்கையில் வைத்து, இரண்டு முறை உருட்டிப் பார்த்தான். சூடே இல்லை. குழந்தையிடம் கொடுத்தான். அது ஆசையாக இரண்டு கையாலும் வாங்கியது. மற்றது எல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

ரோசம்மாள் ஓடி வந்தபோது தரையில் கிடந்த டம்ளரைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். அன்றும் திட்டவில்லை, அப்புறமும் திட்டவில்லை. கஞ்சிப் பானை என்று அவன் நர்ஸிடம் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள். அதன் பிறகு அந்த வீட்டில் வரதன் அடுப்பாண்டை வந்ததில்லை. அவன் இருக்கிற நேரத்தில் சூடான பண்டம் எதுவும் வெளியே வந்ததில்லை. உடம்புச் சூட்டுக்கு மோர் என்பது பாதிதான் நிஜம், மீதி இதுதான். பதினெட்டு வருஷமாக வரதன் தன் மகளுக்கு மாம்பழம் கொடுத்திருக்கிறான், ஐஸ் கொடுத்திருக்கிறான், புத்தகப் பை, செருப்பு, செல்போன் எல்லாம் கொடுத்திருக்கிறான். சூடாக ஒரு வாய் எதுவும் கொடுத்ததில்லை.

அது இப்போது அவனைப் பிடித்துக்கொண்டது. அவள் போவதற்குள் ஒரே ஒரு தரம், தன் கையால், சூடாக ஒரு டம்ளர். அவ்வளவுதான் ஆசை. கேட்டால் சின்ன ஆசை. அவனுக்கு அது மலை.

ஹெலன் துணி எடுக்கப் பொன்னேரி போயிருந்த ஒரு சாயங்காலம் அதை ரோசம்மாளிடம் சொல்லிவிட்டான். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "காப்பி போடத் தெரியுமா ஒனக்கு?"

"பாத்து வெச்சிக்கினேன்."

"அப்ப குடு. நான் குறுக்க வர மாட்டேன்."

"சூடு எப்டி பாக்கறது?"

ரோசம்மாள் அவன் கையை எடுத்து, திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். "அது ஒனக்கே தெரியும்யா" என்றாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. புது வருஷம் வந்தது. டின்னில் வெல்லம் ஆறு, நான்கு, இரண்டு என்று குறைந்தது. தினமும் சாயங்காலம் வரதன் இன்றைக்குக் கொடுத்துவிடுவது என்று டம்ளரை எடுப்பான். ஆவியைப் பார்ப்பான். இரும்பின் நிறம் பார்த்த கண்தானே. இப்போது ஆவியைப் பார்த்தே சூட்டைக் கண்டுபிடிக்கப் பழகியிருந்தான். கட்டியாக எழும்பினால் கொதி. நூல் நூலாகப் பிரிந்தால் குடிக்கலாம். கணக்கு சரிதான், ரோசம்மாள் டம்ளரில் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டாள். ஆனால் ஹெலன் கையை நீட்டியதும் அந்தப் புளியிலைத் தழும்பு முன்னால் வந்து நிற்கும். அவன் டம்ளரைத் தரையில் வைத்துவிடுவான். "ஆறட்டும், அப்பால எடுத்துக்கோ" என்பான்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை ஹெலனுக்குக் கம்பெனியில் கடைசி நாள். செல்போன் பாகங்கள் செய்கிற இடம். காலை ஆறு மணி வேலைக்கு ஐந்தேகால் பஸ். வரதனுக்கு அன்றிலிருந்து கல்யாண லீவு. ரோசம்மாள் முந்தின நாளே ஆரணியில் இருக்கிற தன் அண்ணனுக்குப் பத்திரிகை வைக்கப் போய், அண்ணி விடவில்லை என்று அங்கேயே தங்கிவிட்டாள். வேண்டுமென்றே தங்கினாளா என்று கேட்டால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

விடியற்காலை வரதன் அடுப்பைப் பற்றவைத்தான். சுக்கை நசுக்கினான். தனியாவையும் நாலு மிளகையும் வறுத்து இடித்தான். தண்ணீர் கொதித்துப் பாதியாகச் சுண்டும் வரை நின்று பார்த்தான். டின்னில் ஒரே ஒரு கட்டி இருந்தது. அதைப் போட்டான். வாசனை அடுப்படி முழுக்க நிறைந்தபோது, எங்கோ பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்டதுபோல இருந்தது.

ஹெலன் சீவி முடித்து, ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டே வந்தாள். "நைனா! இன்னா இது, நீயா போட்ட?"

"உக்காரு, ஊத்தறேன்."

"டைம் ஆச்சு நைனா, பஸ் போயிடும். ஃபிளாஸ்க்ல ஊத்தி வை, வந்து குடிக்கிறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிவிட்டாள்.

வரதன் ஒரு நிமிஷம்தான் நின்றான். மத்தியானம் அவள் வரும்போது ரோசம்மாள் இருப்பாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருப்பார்கள், அப்புறம் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடினான். தங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்தான். வரதன் - ரோசம்மாள் என்று பெயர் வெட்டினது. கதவைச் சாத்திக்கொண்டு மகள் பின்னால் நடந்தான்.

அன்றைக்குப் போல் பனி அந்த வருஷம் விழவில்லை. வீடுகள் இல்லை. எடுக்க மறந்த ஸ்டார்கள் மட்டும் அங்கங்கே அந்தரத்தில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் தொங்கிக்கொண்டிருந்தன. நாய் ஒன்று குரைத்தது. நாயும் இல்லை, குரைப்பு மட்டும்தான். தன் கால்களையே அவனால் பார்க்க முடியவில்லை. எங்கோ முன்னால் ஹெலனின் செருப்புச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தான். இப்படியே பஸ் வராமல், சாலை வராமல், இந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

சாலை வந்துவிட்டது. புளியமரத்தடியில் நான்கைந்து பெண்கள் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"ஹெலன், உங்க நைனாடி" என்றாள் அவளோடு வேலை செய்கிற அருணா.

ஹெலன் திரும்பினாள். வரதன் ஃபிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் ஊற்றினான். ஆவியைப் பார்க்கக் குனிந்தான். பார்க்க ஒன்றும் இல்லை. சுற்றிலும் அத்தனையும் வெள்ளை. டம்ளரிலிருந்து எழும்புவது எது, வானத்திலிருந்து இறங்குவது எது என்று அவன் கண்ணுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இருபத்து மூன்று வருஷம் பொய் சொல்லாத கண் முதல் தடவையாகக் கையை விரித்துவிட்டது. உள்ளங்கையில் டம்ளரை உருட்டினான். உள்ளங்கை அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொன்னது: சூடே இல்லை.

"குடு நைனா."

"இரு."

ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றி ஆற்றினான். டம்ளருக்கு ஊற்றினான். மறுபடியும் மூடிக்கு. மறுபடியும் டம்ளருக்கு. அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனிக்குள் மங்கலாக இரண்டு மஞ்சள் வட்டங்கள் தெரிந்தன. பஸ்.

"குடு நைனா, பஸ் வந்துச்சு."

"இரு, இரு. சுடும்." இன்றைக்கும் முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினான்.

ஹெலன் அவன் பக்கத்தில் வந்தாள். டம்ளரைப் பிடிக்கவில்லை, அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையை டம்ளரோடு தன் வாய்க்குக் கொண்டுபோய்க் குடித்தாள். ஒரே மூச்சில், கடைசிச் சொட்டு வரை. வரதன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஜில்லுனு கீது" என்றாள் ஹெலன். "ஐஸ் வாட்டர் நைனா இது."

பெண்கள் சிரித்தார்கள். வரதன் கண்ணைத் திறந்தான். பஸ் வந்து நின்றது. ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். ஹெலன் மட்டும் நின்றாள். இடது கையின் முழுக்கைச் சட்டையை மேலே தள்ளிக்கொண்டாள்.

"கஞ்சிப் பான சாஞ்சா கால் மேலதான கொட்டும்? கையில எப்டி நைனா?" என்றாள், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில். "எட்டாவது படிக்கச்சொல்லவே நெனச்சேன். யாரும் சொல்லல. நீ எனக்குச் சூடா ஒண்ணும் குடுத்ததே இல்ல. அதுலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சு."

"அம்மா" என்றான் வரதன். மகளை அப்படித்தான் கூப்பிடுவான். "நான் தொட்டுப் பாத்துதான்மா குடுத்தேன்."

"தெரியும் நைனா. நீ தொட்டுப் பாத்திருப்ப." அவள் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள். "எனக்குக் கை ஒண்ணும் நோவல. நீ குடுக்காததுதான் நோவுது."

டிரைவர் ஹாரன் அடித்தார். அருணா ஜன்னலிலிருந்து, "ஹெலன், ஏறுடி" என்று கத்தினாள். ஹெலன் அசையவில்லை. டம்ளரைக் காட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்து. இந்த வாட்டி ஆத்தாத."

வரதன் ஊற்றினான். ஃபிளாஸ்க்கிலிருந்து நேராக, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை. ஆவி பார்க்கவில்லை. உள்ளங்கையில் உருட்டவில்லை. நீட்டினான். ஹெலன் துப்பட்டா நுனியை நாலாக மடித்து, அதன் மேல் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "யப்பா, கொதிக்குது" என்று சிரித்துக்கொண்டே, சிந்தாமல், ஒவ்வொரு படியாகப் பஸ்ஸில் ஏறினாள். டிரைவர் அவள் உட்காரும் வரை வண்டியை எடுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஊதிக் குடிக்கிற அவள் முகம் கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

பத்து மணிக்கு ரோசம்மாள் ஆரணியிலிருந்து வந்தாள். வெயில் வந்திருந்தது. வரதன் பாத்திரங்களைக் கழுவி, பலகையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் அடுப்படிக்குள் போனாள். காலி பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற சத்தம்.

"பேரு போட்ட டம்ளர்ல ஒண்ணு கொறையுதே" என்றாள் உள்ளிருந்து.

"ஹெலன் எடுத்துக்கினு போயிட்டா. பஸ்ல."

சத்தம் நின்றது. ரோசம்மாள் ஈரக் கையோடு வாசலுக்கு வந்து அவன் பின்னால் நின்றாள்.

"காப்பியோடவா?"

"ம்."

"யார் ஊத்திக் குடுத்தது?"

"நான்தான்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "சூடாவாயா குடுத்த?"

"சூடாத்தான்" என்றான் வரதன். "கொதிக்க கொதிக்க."

ரோசம்மாள் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வரதன் தன் சட்டைப் பையில் கை விட்டான். அங்கே ஒன்றும் இல்லை. அந்தக் கையை எடுத்து அவள் முதுகில் வைத்தான்.